இரண்டு சுற்றுக்கு ஒரு மூட்டை

பிப்ரவரி 9

கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது.

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். யாருக்கும் அடிபடவில்லை. இதை முன்னால் சொல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்திலேயே பஸ் ஏறி வந்து நிற்பாய்.

இன்று காலை பத்தரை மணிக்கு நம் சைட்டின் சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது. வடக்குப் பக்கம், நாற்பது அடி. மூன்று நாளாக மழை. நான் கலவை மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, தம்பி. ஈரக் கோணியைத் தரையில் இழுப்பது மாதிரி ‘சர்ர்’ என்று ஒன்று. திரும்பிப் பார்த்தால் சுவர் இருந்த இடத்தில் பக்கத்துத் தெரு தெரிகிறது. அங்கே ஒரு பெண் குடையோடு நின்று என்னைப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் வாய் திறந்தபடியே இருக்கிறது. கடைசியில் அவள்தான் பேசினாள். “அக்கா, நீங்களா இடிச்சீங்க?”

“இல்லம்மா, தும்மினேன்” என்றேன்.

சிரித்துவிட்டேனே தவிர, பிறகு உள்ளே ஓடிப்போய் ஆட்களை எண்ணினேன். மழை இல்லாத நாளில் அந்த நேரத்துக்கு அந்தச் சுவர் நிழலில்தான் ஐந்து பேர் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இன்று மழை என்பதால் உள்ளே போயிருந்தார்கள். ஸ்டோர்க்காரரின் சைக்கிள் மட்டும் அப்பளம். அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்க்க வேண்டுமே, பொண்டாட்டி ஊருக்குப் போனபோதுகூட அப்படி அழுததில்லை.

இங்கே உள்ள பொறியாளர் பழியை நேராக உன் தலையில்தான் போடுகிறார். “அந்தச் சிவப்புத் தூளைச் சிமெண்ட்ல கலக்கச் சொன்னப்பவே நினைச்சேன்” என்று நாலு பேர் முன்னால் சொன்னார். ஆட்டை எண்ணுவார்கள், மாட்டை எண்ணுவார்கள், சிமெண்ட் ஆலைப் புகையை எண்ணிச் சம்பளம் வாங்குகிற ஆளை நம் குடும்பத்தில்தான் பார்த்தேன். அதற்காக யாரும் உன்னைக் கேலி பேச விடமாட்டேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். நாலு மாடிக் கட்டடம் குத்துக்கல் மாதிரி நிற்கிறது, கவலைப்படாதே.

உன் அண்ணன் அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? கேட்டால் “ம்” என்பார். அந்த “ம்” ஆமாவா இல்லையா என்று பதினெட்டு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கேட்டால் சிரித்து மழுப்புகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள். எழுதும்போது உங்களால் மழுப்ப முடியாது.

விழுந்த சுவரின் காரையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு இன்று என் மேசைக்கு வந்தது. மூன்று தடவை படித்தேன். அந்தக் காரையில் சிமெண்ட் ஏறக்குறைய இல்லை. முழுக்க என் தூள். சுட்ட களிமண்ணும் இரும்பு ஆலைக் கசடும் சேர்த்து அரைத்த தூள்.

எனக்குப் புரியவில்லை. சுவருக்கு நான் தூளே எழுதிக் கொடுக்கவில்லை. சுவருக்குச் சாதாரண சிமெண்ட். கட்டடத்துக்குத்தான் மெஷினின் ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு மூட்டை தூள். அந்தத் தூள் தனியாக இறுகாது. கூடவே சிமெண்ட் இருந்தால்தான் இறுகும், அதுவும் மெதுவாகத்தான். இது உங்களுக்கும் தெரியும்.

நான் எதற்காக இதில் இறங்கினேன் என்று நீங்கள் கிண்டல் செய்தாலும் உங்களுக்குத் தெரியும். ஒரு மூட்டை சிமெண்டைச் சுட்டு எடுப்பதற்குள் முக்கால் மூட்டை எடைக்கு மேல் கரிவாயு மேலே போய்விடுகிறது. குடிவருகிறவர்கள் பிறகு எத்தனை விளக்கை அணைத்து வாழ்ந்தாலும் அது திரும்பி வராது. கட்டும்போதே போனது போனதுதான். உங்கள் நாலு மாடியில் அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டினோம். அங்கிருந்து வந்த சோதனைக் கட்டைகள் எல்லாம் ஏழே நாளில், நான் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு பலத்தோடு உடைந்தன. கலவையிலிருந்து எடுத்து வார்த்த அந்தச் சின்னக் கட்டைகளை வைத்துத்தான் எனக்கு இங்கே ஆறு மாடிக் கட்டடத்தைக் கொடுத்தார்கள்.

அதன் முதல் தளம் 9ஆம் தேதி போட்டாயிற்று. 19ஆம் தேதி, பத்தாம் நாளே, அடியில் நிறுத்திய முட்டுகளை எடுக்கிறோம். உங்கள் கட்டைகளை நம்பித்தான் இருபத்தொரு நாளைப் பத்தாகக் குறைத்தேன். இங்கே ஏழாம் நாள் கட்டை உடைப்பதையும் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அண்ணன் நலம். மழைக்கு அந்தத் தளத்தின் கீழேதான் கம்பி வளைக்கிறார்.

சுவரில் என் தூள் எப்படி வந்தது? தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். விசாரணைக்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும்.

உங்கள் தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

இரண்டு தாளைக் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள் கையில் பேனாவைக் கொடுத்து ‘உண்மையை எழுது’ என்றால் பேனாவே பயப்படுகிறது.

சரி, கேள். கட்டடம் ஆரம்பித்த அன்று இந்தப் பொறியாளர் என்ன சொன்னார் தெரியுமா? என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “படிச்ச பையன் செங்கல் பொடியில வீடு கட்டப்போறான். விழுந்தா புகையை எண்ணின மாதிரி பொணத்தையும் எண்ணட்டும்” என்றார். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ அரைக்கால் சட்டையோடு என் முந்தானையில் மூக்கைத் துடைத்த பயல். உன்னை ஒருவன் அப்படிச் சொல்வதா?

அன்றிலிருந்து இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, தூள் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சிமெண்ட் மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். நாலு மாடிக்கும். ஒரு கைக்காவலுக்குத்தான். எல்லா சைட்டிலும் கலவைக்காரர்கள் ஒரு கை கூடத்தான் போடுவோம், அது எங்கள் தொழில் புத்தி. உனக்காக ஒரு கை ஒரு மூட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்டோர்க்காரர் மூட்டையைத்தான் எண்ணுவார், அது எந்தக் கலவைக்குப் போனது என்று பார்க்கமாட்டார். சிமெண்ட் குறைந்தால் மாட்டிக்கொள்வேனே. அதனால் சுற்றுச்சுவருக்கு வந்த சிமெண்டை எடுத்துக் கட்டடத்துக்குப் போட்டேன். மிச்சமான தூளைச் சுவருக்குப் போட்டேன். இரண்டு எண்ணிக்கையும் சரியாக வந்தது. உன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறேன், பார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உங்கள் ஆய்வுக்கூடத்து வேதம். அந்த ஒரு சோறு நல்லபடி வெந்திருக்க வேண்டாமா? கட்டை உடைத்த செய்தி வந்து உனக்குப் பாராட்டுத் தாள் கொடுத்தார்களே, அன்று மெஷினுக்குப் பொட்டு வைக்காத குறை.

சுவர் விழும் என்று நினைக்கவில்லை. சும்மா நிற்கிற சுவர்தானே, அதன் மேல் யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஐந்து பேரை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. விசாரணையில் என் பெயரைச் சொல்லிவிடு. வீடு விழவில்லை, சுவர்தான் விழுந்தது. உனக்கு ஒன்றும் ஆகாது.

அண்ணி

*

பிப்ரவரி 19, மாலை

அண்ணி,

போனில் நான் கத்தியதை நீங்கள் மறக்கமாட்டீர்கள். நானும் மறக்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கிற நிலையில் இப்போது இல்லை.

உங்கள் கடிதம் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அலுவலக வாசலில் நின்றே பிரித்தேன். ‘நாலு மாடிக்கும்’ என்ற இடத்துக்கு மேல் படிக்கவில்லை. உங்களை அழைத்து என்னென்னவோ கத்தினேன். பிறகு சைட்டுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்கள், முட்டு எடுக்கும்போது போனை வெளியே வைத்துவிட்டுப் போவது நான் போட்ட விதி.

ஓடினேன், அண்ணி. ஆட்டோகூடத் தோன்றவில்லை. நான் போனபோது நூற்றிருபது முட்டுகளில் எழுபதை எடுத்துக் கீழே அடுக்கியிருந்தார்கள். தளத்துக்கு அடியில் ஒன்பது பேர். நடுவில் அண்ணன், வாயில் கட்டுக்கம்பியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நீங்கள் செய்ததால் என்ன ஆயிற்று என்று உங்களுக்குப் புரிய வேண்டும். உங்கள் கட்டைகளின் பலம் என் கலவையின் பலம் இல்லை, சிமெண்டின் பலம். அதை என்னுடையது என்று நம்பி, இங்கே அசல் கலவையைப் போட்டு, பாதி நாளில் முட்டுகளைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். பச்சைக் கலவை அது. எழுபது முட்டுகள் போன பிறகும் அது ஏன் இன்னும் மேலே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

“எல்லாரும் வெளிய வாங்க” என்றேன். எட்டுப் பேர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. “எடுத்த முட்டுகளைத் திருப்பி நிறுத்தணும்ல. யார் நிறுத்துவா, நீயா?” என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முட்டாகத் திரும்ப நிறுத்தினார். பிறகு மற்றவர்களும் உள்ளே போனார்கள். நானும் போனேன். இரண்டே கால் மணி நேரம். மேலே ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால்கூட எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம்.

இப்போது முட்டுகள் நிற்கின்றன. கீழே யாரும் இல்லை. நாளை தளத்தைத் துளைத்து உருளை எடுக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இடிக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என்மேல் இருந்த அன்பில் செய்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

*

பிப்ரவரி 23

தம்பிக்கு,

கேலி ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொறியாளர் வந்து “என்னம்மா, உடம்புக்கு என்ன?” என்றார். நான் கொட்டின மூட்டை உன் அண்ணன் தலைக்கு மேலே போய் நின்றிருக்கிறது. என் தாலியை நானே கொண்டுபோய் ஒரு முட்டில் மாட்டியிருக்கிறேன். எப்படி யோசிக்காமல் இருந்தேன்? நீ 12ஆம் தேதி எழுதியதில் எல்லாம் இருந்தது. பத்தாம் நாள் என்றும் இருந்தது, அவர் கீழே இருக்கிறார் என்றும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேனே தவிர, இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

அவரை அந்தத் தளத்தின் கீழே இனிமேல் விடாதே. கால் உடைந்தது என்று பொய் சொல்லியாவது கட்டிப் போடு. உண்மையாகவே உடைத்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போனில் நீ “படிக்காத முட்டாள்” என்றாய். அதையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் நாலு நாளாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் செத்துப்போவேன்.

நாலாம் மாடித் தளம் போட்ட அன்று நீ இங்கே வந்தாய். மெஷினிலிருந்து விழுந்த கலவையைக் குனிந்து ஒரு பிடி எடுத்தாய். “என்ன அண்ணி, சிவப்பு கம்மியா இருக்கு?” என்று கேட்டாய். நான், “வெயில்ல வெளுத்திருக்கும்” என்றேன்.

ஈரக் கலவை வெயிலில் வெளுக்குமா, தம்பி? எனக்கே சிரிப்பு வந்தது, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். நீ “ஓ” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாய். அத்தனை படித்தவன் ஒரு “ஓ” சொன்னாய். அதற்கு அடுத்த வாரம்தான் பாராட்டுத் தாள்.

நான் படிக்காத முட்டாள். நீ யார்?

அண்ணி

*

மார்ச் 2

அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். பார்த்தேன். அந்த நிறம் தவறு என்று தெரியும். மேற்கொண்டு கேட்டால் கட்டைகளில் வந்த நல்ல எண் போய்விடும் என்று உள்ளே ஏதோ சொல்லிற்று, அதோடு விட்டுவிட்டேன். இதை விசாரணைக் குழுவிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இப்போது எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

தளத்திலிருந்து எடுத்த உருளைகளை நேற்று உடைத்தார்கள். நான் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பலத்தின் எண்ணைச் சொன்னார்கள். நம்பவில்லை. அடுத்ததை உடையுங்கள் என்றேன். ஆறும் அதே மாதிரி. பச்சைக் கலவை இல்லை. பத்தாம் நாள் முட்டுகளை எல்லாம் எடுத்திருந்தாலும் அந்தத் தளம் அசைந்திருக்காது. உருளையின் உடைந்த பக்கம் சாம்பல் நிறமாக இருந்தது. சிவப்பு கம்மி.

நேராகத் தொழிலாளர் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பாயில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தேன். மிதித்தால் தூள் கிளம்பி என் கால் சிவந்தது. கொட்டகைத் தரைக்கென்று வந்தது நல்ல சிமெண்ட், அண்ணி.

“அண்ணே, தரைக்கு வந்த சிமெண்ட் எங்க?”

“ம்.”

“தளத்துக்குப் போட்டீங்களா?”

“மெஷின்காரன்கிட்ட சொன்னேன். ரெண்டு சுத்துக்கு ஒண்ணு.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல. நீ போட்ட கணக்குன்னாங்க. அதான் பயமாயிருச்சு.”

உங்கள் கணவர் இதை எனக்கு முன்னால், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார். ‘அப்ப அன்னிக்கு முட்டு நிறுத்தும்போது ஏன் சொல்லல?’ என்றேன். “நீ ஓடி வந்த மூஞ்சியப் பாத்தேன். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்தீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. கணக்கில் தூள் இன்னும் அதிகம் சேர்க்கலாம் என்றுதான் வந்தது. பயந்துபோய் நானே சிமெண்டைக் கூட்டித்தான் சரிபாதி என்று எழுதினேன். எனக்கு மேலே இருக்கும் தலைமைப் பொறியாளர் அதற்கும் பயந்து தளத்தை ஒரு அங்குலம் தடிமனாக்கினார். அதற்கு மேல் நீங்கள், அதற்கு மேல் அண்ணன். பாதியாகக் குறைத்தேன் என்று நான் மேடையில் நின்று சொன்ன கரி எங்கேயும் அந்த அளவுக்குக் குறையவில்லை. என் கலவையை இந்த உலகத்தில் இதுவரை ஒருவரும் போட்டதே இல்லை, அண்ணி. ஒரே ஒரு சட்டிகூட.

தம்பி

*

மார்ச் 5

கொழுந்தனாரே,

ஐயோ. ஐயோ. இதற்கு மேல் எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அந்த மனுஷனா? மூட்டையைத் திருப்பிப் போடு என்றால் ‘யாரையாவது கேட்டுக்கோ’ என்று சொல்கிற அந்த மனுஷனா? பேசி வைத்துக்கொண்டதாகக் கேட்கிறாய். நாங்கள் கடைசியாகப் பேசி வைத்துக்கொண்டு செய்த காரியம் கல்யாணம். அதிலும் அவர் பேசவில்லை.

உடனே போன் போட்டேன். “எனக்கு ஏன்யா சொல்லல?” என்று கேட்டேன். “நீ சொன்னியா?” என்றார். அப்படியே வாயடைத்துப் போனேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை, குறித்து வைத்துக்கொள். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். அவர் உயிரோடு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காசு ஓடினால் ஓடட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் உன் கடைசி வரி உள்ளே போயிற்று. ஒரு சட்டிகூடப் போடவில்லை என்கிறாய். எட்டு வருஷமாக நீ இதற்காக அலைகிறாய். இப்போது மேலிடம் என்ன சொல்லும்? பழையபடி முழுச் சிமெண்டுக்கே போகச் சொல்வார்களா? அப்படிச் சொன்னால் அது எங்கள் இரண்டு பேர் கை வேலை. வெட்கமாக இருக்கிறது, தம்பி.

ஒரு தடவை, ஒரே தடவை, நீ எழுதினபடி போட விடுவார்களா என்று கேட்டுப் பார். விட்டால் மெஷினுக்கு என்னைக் கூப்பிடு. திருடனைக் காவலுக்கு வைப்பதுதான் நல்லது, அவனுக்குத்தான் எல்லா வழியும் தெரியும்.

சுவர் விஷயத்தை நானே போய் எழுத்தில் கொடுத்துவிட்டேன். பொறியாளர் படித்துவிட்டுத் தாளை மடித்தார். “உங்க கொழுந்தனைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா” என்றார். ஒன்றரை மாதம் இந்த சைட்டில் மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அந்த ஐந்து பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். ஒருவர் மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம். நியாயம்தான்.

அண்ணி

*

ஏப்ரல் 18

அண்ணிக்கு,

மார்ச் 20 அன்று நீங்கள் இங்கே மெஷினில் நின்று போட்ட இரண்டாம் தளத்துக்கு இன்றோடு இருபத்தொன்பது நாள். கட்டைகளை நேற்று உடைத்தோம். இந்த முறை ஏழாம் நாளும் உடைத்தோம், அப்போது வந்த எண்ணை உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். அவ்வளவு குறைவு. நேற்று வந்தது தேவையான பலத்துக்கு மேல். ஒன்றரை மடங்கு இல்லை, கொஞ்சமே கொஞ்சம் மேல். அதுதான் அதன் அசல் பலம் என்று எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

உடைந்த பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது. தலைமைப் பொறியாளர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளா நாம எதுக்குப் பயந்தோம்?” என்றார். அடுத்த நாலு தளமும் இதே மாதிரி போடலாம், ஆனால் முட்டுகள் இருபத்தெட்டு நாளும் நிற்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த இரண்டாம் தளத்தில் மட்டும் குறைந்த கரி எவ்வளவு என்று கணக்கிட்டேன். சின்ன எண். முதல் தடவையாக உண்மையான எண்.

இன்று காலை முட்டுகளை எடுத்தோம். மதியம் அண்ணனைக் காணவில்லை என்று தேடினால், அந்தத் தளத்தின் கீழே பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை மேலே வரை கேட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அன்று கடைசிப் பத்துச் சுற்று இருந்தபோது நான் உங்கள் காதருகில் வந்து சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக்கூட அதைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை. ஏன் மறுத்தீர்கள்?

தம்பி

*

ஏப்ரல் 22

என் அருமைக் கொழுந்தனாருக்கு,

கிண்டல் செய்யாமல் இருப்பேனா? உன் கல்யாணத்தன்று மேடையில் வைத்துச் சொல்லலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நீயே கேட்டுக் கெடுத்துவிட்டாய்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அப்படியே இருக்கிறது. எட்டு வருஷம் புகையை எண்ணின மகான், முகம் வெளுத்துப்போய் வந்து, மெஷின் சத்தத்தில் என் காதைக் கடிக்கிற மாதிரி, “அண்ணி… கடைசிப் பத்து மட்டும்… ஒரு மூட்டை கூடப் போட்டுடலாமா?” என்றாய்.

ஆடிப்போய்விட்டேன். இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம், நீ கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. அன்று முழுக்க என் கை மூன்று தடவை அந்தச் சிமெண்ட் மூட்டைப் பக்கம் தானாகப் போயிற்று. மூன்று தடவையும் இழுத்துக்கொண்டேன். நாலாவதாக நீ வந்து கேட்டதும், எழுந்துபோய் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நீ பார்த்தாய். எல்லாரும் நான் களைத்துப்போய் உட்கார்ந்ததாக நினைத்தார்கள்.

ஏன் என்று கேட்கிறாய். உன் தூளின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு அது அன்றைக்கும் செங்கல் பொடிதான். ஆனால் நானும் உன் அண்ணனும் உனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நீ எழுதியதை ஒரு நாள்கூட எழுதியபடி செய்யவில்லை. அப்படி ஒரு நல்லதை மூன்றாவது ஆளாக நீயே உனக்குச் செய்துகொள்ளப் பார்த்தாய். போதும் என்று தோன்றிற்று. அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருப்பேன்.

உன் அண்ணன் அதன் கீழே படுத்துக் குறட்டை விட்டதைப் படித்து, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வருகிற அளவுக்குச் சிரித்தேன். இன்று மெஷினைத் திரும்பத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுவரைத்தான் முதலில் கட்டுகிறோம், முழுச் சிமெண்டில்.

கட்டை உடைகிற வரை இருபத்தெட்டு நாள் என்றாயே. அத்தனை நாளும் நான் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. அந்த மனுஷனிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதே.

அண்ணி